மைதாவும் பாலும் இல்லாத ஓட்ஸ் பேன்கேக்

வழக்கமான பேன்கேக் மாவில் மைதா, பால், முட்டை, வெண்ணெய் என்று நான்கு பொருள்கள். மைதாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டன் என்ற புரதம் இழுபடும் பின்னலாகி, பேக்கிங் பவுடர் கிளப்பும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பால் மாவை இளக்குவதோடு கல்லில் பட்டதும் பொன்னிறமும் தருகிறது. வெண்ணெய் மணத்துக்கு. முட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுகிறது. குளூட்டனும் கூடாது, பாலும் கூடாது என்று ஒரு வீட்டில் முடிவானால் இந்த நான்கில் மூன்று போய்விடும். மிஞ்சுவது முட்டை மட்டும். சைவ வீடென்றால் அதுவும் இல்லை.

மைதாவுக்குப் பதிலாக ஒன்று, பாலுக்குப் பதிலாக ஒன்று, வெண்ணெய்க்குப் பதிலாக ஒன்று என்று தேட ஆரம்பித்தால் சமையலறை அலமாரி நிறைந்துவிடும். அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், சாந்தன் கம் எல்லாம் கலந்த ஆயத்த மாவுப் பாக்கெட்டுகளும் விற்கின்றன. அவை வேலை செய்யாது என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்ஸ் கையில் இருக்கும்போது அவ்வளவு தேவையில்லை என்பது என் கட்சி. ஓட்ஸில் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. ஓட்ஸ் கஞ்சி ஆறும்போது கொழகொழவென்று ஆகிறதே, அதற்குப் பெரிய காரணம் இதுதான். அந்தக் கொழகொழப்பே பேன்கேக் மாவில் குளூட்டன் செய்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மிச்சத்தை முட்டையும் வாழைப்பழமும் பார்த்துக்கொள்ளும்.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று பேருக்கு 150 கிராம் ரோல்ட் ஓட்ஸ், அதாவது 240 மி.லி. கப்பால் ஒன்றரை கப்புக்குச் சற்று மேல். தோலில் கரும்புள்ளி விழும் அளவு பழுத்த வாழைப்பழம், உரித்தபின் 100 கிராம். மோரிஸ் பழம் என்றால் ஒன்று, ஏலக்கி என்றால் இரண்டு அல்லது மூன்று. முட்டை இரண்டு. தேங்காயின் இரண்டாம் பால் 150 மி.லி. பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை. கல்லுக்குத் தேங்காய் எண்ணெய். ஓட்ஸைக் காய்ந்த மிக்ஸி ஜாரில் நைசாகப் பொடித்துக்கொண்டு, பேக்கிங் பவுடரைத் தவிர மற்றவற்றைச் சேர்த்துக் கலந்துவரும் வரை மட்டும் ஒரு சுற்று ஓட்டி, பத்து நிமிடம் விட்டு, பேக்கிங் பவுடரைக் கலந்து, சிறு தீயில் கல்லில் ஊற்றி எடுக்க வேண்டும். உள்ளங்கை அளவில் எட்டு ஒன்பது வரும்.

செய்முறை இவ்வளவுதான். ஆனால் இந்தப் பேன்கேக்கின் சிக்கலில் பாதி அடுப்பில் இல்லை, பாக்கெட்டில் இருக்கிறது. அதற்கு முன்னால், யாருக்காகச் செய்கிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது.

குளூட்டன் வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சொல்வதில்லை. சீலியாக் நோய் உள்ளவருக்குக் குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். அவருக்கு இது ஆயுள் முழுவதும் காக்க வேண்டிய பத்தியம். ரொட்டித் துணுக்கு அளவுகூடக் கணக்கில் வரும். கோதுமை ஒவ்வாமை வேறு. அதில் கோதுமைதான் எதிரி, குளூட்டன் உள்ள மற்றத் தானியங்களான பார்லியோ ரையோ எல்லோருக்கும் தொல்லை தருவதில்லை. கோதுமையைக் குறைத்தால் வயிறு இலகுவாக இருக்கிறது என்று விடுபவர்கள் மூன்றாவது வகை. மூன்றாவது வகையினர் கடையில் கிடைக்கும் எந்த ஓட்ஸையும் வாங்கிச் செய்யலாம். அடுத்து வரும் பாக்கெட் ஆராய்ச்சியை அவர்கள் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை.

தமிழ்நாட்டில் சீலியாக் அரிது. வட இந்தியா, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களிடையே இதன் அளவு வடக்கில் 1.23 சதவீதமாகவும் வடகிழக்கில் 0.87 சதவீதமாகவும் தெற்கில் 0.10 சதவீதமாகவும் இருந்தது. கோதுமை அதிகம் சாப்பிடும் பகுதியில் நோயும் அதிகம். தெற்கில் குறைவு என்பதால்தான் இங்கே சந்தேகம் தாமதமாக வருகிறது. ஓயாத வயிற்றுப்போக்கு, தீராத இரத்தசோகை, வளராத குழந்தை என்று வேறு பெயர்களில் காலம் போய்விடும். சந்தேகம் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் இரத்தத்தில் தேடும் எதிர்ப்பொருள் குறைந்துபோய், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடும்.

பால் விஷயத்திலும் இதே போல இரண்டு வகை. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவது ஒன்று. பாலின் புரதம் ஒவ்வாமல் தடிப்பும் வாந்தியும் மூச்சுத்திணறலும் வருவது இன்னொன்று. முன்னவர் லாக்டோஸ் நீக்கிய பால் குடிக்கலாம், நெய்யும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பின்னவருக்கு லாக்டோஸ் நீக்கிய பாலும் பால்தான். நெய்யிலும் பால் புரதம் துளியளவு தங்கியிருக்கலாம் என்பதால் அதுவும் விலக்கு. "ஒரு சொட்டு நெய்தானே" என்று கல்லில் விடும் பாட்டிகளிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பேன்கேக்கே செய்து முடித்துவிடலாம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி ஓட்ஸ் பாக்கெட். ஓட்ஸில் குளூட்டன் இல்லை என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், இருக்கிறது என்று மறுபக்கம் சொல்கிறார்கள். இரண்டுமே ஓரளவு சரி. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட புரதங்கள் ஓட்ஸில் இல்லை. அதில் இருப்பது அவெனின் என்ற தூரத்து உறவு. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அவெனின் தீங்கு செய்வதில்லை. மிகச் சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. பல பத்தாண்டுகள் ஓட்ஸும் விலக்குப் பட்டியலிலேயே இருந்தது. ஃபின்லாந்தில் சீலியாக் உள்ள பெரியவர்களைக் கொண்டு நடந்து 1995-இல் வெளியான ஆய்வு, மிதமான அளவு ஓட்ஸை அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள் என்று காட்டிய பிறகுதான் மருத்துவர்களின் மனம் இளகியது.

தொல்லை வெளியிலிருந்து வருகிறது. ஓட்ஸ் விளையும் வயலில் முந்தின போகம் கோதுமையாகவோ பார்லியாகவோ இருக்கும். அதே அறுவடை இயந்திரம், அதே லாரி, அதே கிடங்கு, அதே ஆலை. எங்காவது ஓரிடத்தில் கோதுமை மணி கலந்துவிடும். எவ்வளவு கலந்தால் ஆபத்து என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் வகுத்த விதிப்படி, குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்தியாவிலும் எல்லை அதே 20 மி.கி.தான். நாம் எடுத்துக்கொண்ட 150 கிராம் ஓட்ஸுக்கு இது 3 மி.கி. ஒரு கோதுமை மணியின் எடை சுமார் 40 மி.கி. என்று வைத்துக்கொண்டால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 மி.கி. குளூட்டன் இருக்கும். ஆக, மிக்ஸி ஜாரில் கொட்டிய ஓட்ஸில் ஒரே ஒரு கோதுமை மணி நசுங்கிக் கிடந்தாலே அந்த வேளைக்கான ஓட்ஸ் எல்லையைத் தாண்டிவிடும். ரோல்ட் ஓட்ஸில் எல்லாம் தட்டையாக நசுங்கியிருப்பதால் கண்ணால் பொறுக்கி எடுக்கவும் முடியாது. அரிசியில் கல் பொறுக்கிய கைகளுக்கும் இது வசப்படாது.

அதனால் சீலியாக் உள்ள வீட்டில் குளூட்டன் இல்லை என்று பரிசோதித்துச் சான்று பெற்ற ஓட்ஸ் பாக்கெட்டைத்தான் வாங்க வேண்டும். இதை இரண்டு விதமாகத் தயாரிக்கிறார்கள். விதையிலிருந்து வயல், இயந்திரம், ஆலை வரை கோதுமையின் நிழல் படாமல் தனியாக வளர்ப்பது ஒரு முறை. சாதாரண ஓட்ஸை வாங்கி, இயந்திரங்களாலும் ஒளியுணரிகளாலும் கோதுமை மணிகளைப் பிரித்தெடுப்பது இன்னொரு முறை. இரண்டாவதில் எங்கோ ஒரு மணி தப்பி, ஒரு பாக்கெட் சுத்தமாகவும் அடுத்தது கலப்போடும் அமைய வாய்ப்பு அதிகம் என்பதால் முதல் முறைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. விலைதான் இடிக்கும்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறுவதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எவ்வளவு சுத்தமான ஓட்ஸாக இருந்தாலும் குளூட்டன் இல்லை என்று போடவே முடியாது. கனடாவில் 2015 முதல் போடலாம். சிட்னியில் இருக்கும் மகள் ஒன்று சொல்வாள், டொராண்டோவில் இருக்கும் மகன் வேறு சொல்வான். இரண்டு பேரும் அவரவர் ஊர் பாக்கெட்டைப் படித்துத்தான் சொல்கிறார்கள்.

சான்று பெற்ற ஓட்ஸாக இருந்தாலும், சீலியாக் உறுதியானவர்கள் முதல் தடவை சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. குடல் ஆறியபிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் வழக்கம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 70 கிராம், குழந்தைகளுக்கு 20 முதல் 25 கிராம் சமைக்காத ஓட்ஸ் என்பது கனடாவில் பரிந்துரைக்கும் அளவு. நம் 150 கிராம் மாவு மூன்று பெரியவர்களுக்கு என்று சொன்னதும் இதை ஒட்டித்தான். சின்னக் குழந்தைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ருசி கண்டு இன்னொன்று கேட்டால் அந்த இன்னொன்றை அரிசி மாவில் செய்து கொடுங்கள்.

கடை அலமாரியில் ஓட்ஸுக்குப் பக்கத்திலேயே மசாலா ஓட்ஸ் இருக்கும். பேன்கேக்குக்கு அது வேண்டாம். மசாலாவில் என்னென்ன சேர்கிறது என்று பின்பக்கம் படித்தால் சில சமயம் கோதுமையும் பால் பொடியும் சேர்ந்தே எட்டிப் பார்க்கும். ஸ்டீல் கட் ஓட்ஸ் கல்போல இருக்கும், மிக்ஸியில் ஒரே சீராகப் பொடியாகாது. சீக்கிரம் வேகும் க்விக் ஓட்ஸ் பொடிக்கச் சுலபம். ஆனால் அது நீரை வேகமாக உறிஞ்சும், தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி கூடப் பிடிக்கும்.

ஓட்ஸை வாங்கியாயிற்று. வீட்டுக்குள் வந்தபிறகும் கோதுமை துரத்தும். ஓட்ஸை மாவு மில்லுக்குக் கொடுத்து அரைக்கக் கூடாது. உங்களுக்கு முன்னால் நின்றவர் சப்பாத்திக்குக் கோதுமைதான் அரைத்திருப்பார். வீட்டு மிக்ஸியிலும், ரவை பொடித்த ஜாரின் பிளேடுக்கு அடியில், ரப்பர் வளையத்தின் இடுக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கும். வளையத்தைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தால் தவிர அது போகாது. மைதா சலித்த சல்லடையின் கண்களிலும் இதே கதை. சப்பாத்தி சுடும் இரும்புக் கல்லில் மேலே தூவிய மாவு கருகி ஒட்டியிருக்கும். ஆகவே சீலியாக் உள்ள வீட்டில் ஒரு கல், ஒரு சல்லடை, ஒரு ஜார் தனியாக ஒதுக்குவதுதான் தினமும் தேய்த்துத் தேய்த்து நிம்மதி இழப்பதைவிட மேல்.

சேர்மானங்களில் யாரும் சந்தேகப்படாதது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினைவிட மாவுதான் அதிகம், அந்த மாவு பெரும்பாலும் மைதா. டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். இனிப்புப் பேன்கேக்குக்குப் பெருங்காயம் தேவையில்லைதான். ஆனால் இதே மாவில் வாழைப்பழத்தை விட்டுவிட்டு வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டுக் காரமாகச் செய்பவர்கள் கை தானாகப் பெருங்காய டப்பாவுக்குப் போகும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் சில கடைகளில் கிடைக்கிறது. சத்துக்கு என்று ஒரு கரண்டி சத்துமாவு போடுகிறவர்களும் உண்டு. சத்துமாவில் கோதுமை இல்லாமல் இருப்பது அபூர்வம். மால்ட் பானப் பொடி இரட்டைக் குற்றவாளி, பார்லியும் பாலும் சேர்ந்தது. பேக்கிங் பவுடரில் ஈரம் வாங்காமலிருக்க ஸ்டார்ச் கலந்திருப்பார்கள், பொதுவாகச் சோளம். அதையும் ஒருமுறை படித்துவிட்டால் அந்த டப்பா தீரும்வரை கவலையில்லை.

பாலுக்கு வருவோம். இங்கே நமக்குத் தேங்காய் இருக்கும்போது வேறெதையும் தேட வேண்டியதில்லை என்பேன். முதல் பால் கெட்டியாகவும் கொழுப்பாகவும் இருப்பதால் பேன்கேக் கனத்துவிடும். முதல் பாலைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு இரண்டாம் பாலை இதற்கு எடுங்கள். துருவிப் பிழிய நேரமில்லை என்று தேங்காய்ப்பால் பொடி வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பொடியில் பல நிறுவனங்கள் சோடியம் கேசினேட் சேர்க்கின்றன. அது பால் புரதம். காப்பியில் போடும், பாலில்லாதது என்று பெயர் போட்ட க்ரீமர் பொடிகளிலும் இதே கேசினேட் இருப்பதுண்டு. பாலின் பெயரைப் போடாமல் பால் உள்ளே வரும் வழிகள் கேசின், கேசினேட், வே, பால் திடப்பொருள் ஆகியவை. மார்ஜரினிலும் சாக்லேட் சில்லுகளிலும் இவற்றைத் தேடிப் பாருங்கள்.

சோயா பாலில் புரதம் அதிகம், மாவு நன்றாகக் கட்டும். வாசனை சிலருக்குப் பிடிக்காது. பாதாம் பால் பரவாயில்லை, ஆனால் கடைப் பாதாம் பாலில் பெரும்பகுதி தண்ணீர், அதற்கு அந்த விலை அநியாயம். ஓட்ஸ் பால் வாங்கி ஓட்ஸ் பேன்கேக் செய்வது எனக்குச் சிரிப்பு வரவழைக்கும் விஷயம். பால் எதுவும் இல்லையென்றால் வெறும் தண்ணீரே போதும், ஒரு டீஸ்பூன் எண்ணெய் கூடுதலாக விட்டுக்கொண்டால் சரி. ருசியில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பால் சேர்த்த பேன்கேக் பொன்னிறமாவதற்குக் காரணம் பாலின் லாக்டோஸும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிவது. பால் போனால் நிறமும் வெளிறும். வெள்ளைச் சர்க்கரை போட்டாலும் அது அப்படியே அந்த வினையில் சேராது. பழுத்த வாழைப்பழத்தில் உள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சேரும். அதனால்தான் பழம் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். செங்காயாக இருக்கும் பழத்தைப் போட்டால் மாவுக்கு வாசனையும் வராது, நிறமும் வராது.

கலக்கும் முறையில் மைதாவுக்கும் ஓட்ஸுக்கும் உள்ள வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். மைதாவை அதிகம் கலக்கினால் குளூட்டன் இறுகி, பேன்கேக் ரப்பர் போலாகிவிடும் என்பார்கள். ஓட்ஸில் அந்தப் பயமில்லை. ஆனால் ஈரம் பட்டபிறகு மிக்ஸியில் நிமிடக்கணக்கில் ஓட்டினால் பீட்டா குளூக்கன் முழுவதும் வெளியே வந்து மாவு நூல் நூலாக வழியத் தொடங்கும். அப்படிப்பட்ட மாவில் சுட்டது வெளியே வெந்திருந்தாலும் உள்ளே களி. ஆகவே காய்ந்த நிலையில் எவ்வளவு வேண்டுமானாலும் பொடியுங்கள், ஈரம் சேர்ந்தபின் ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். கையால் கலக்கினாலும் நல்லதுதான். வாழைப்பழத்தைக் கரண்டிக் காம்பால் மசித்து முட்டையோடு அடித்துக்கொண்டு பொடியைத் தூவிக் கலக்கலாம்.

பத்து நிமிடம் விடுவதைத் தவிர்க்க முடியாது. ஓட்ஸ் பொடி நீரை மெதுவாகத்தான் குடிக்கும். உடனே ஊற்றினால் தண்ணீராக ஓடும், கடைசிப் பேன்கேக் வரும்போது மாவு கெட்டியாகிக் கரண்டியிலிருந்து இறங்காது. விட்டபின் பதம் பாருங்கள். கரண்டியைச் சாய்த்தால் இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாக, பட்டையாக மடிந்து விழ வேண்டும். கெட்டியாக இருந்தால் ஒரு கரண்டி பால். பேக்கிங் பவுடர் கடைசியில் போவதும் இதனால்தான். முன்பே போட்டால் ஊறும் நேரத்திலேயே காற்றில் பாதி போய்விடும். டப்பா பழையது என்று சந்தேகமிருந்தால் அரை டீஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

கல்லில் ஊற்றும்போது நம் கைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. கரண்டி மாவைக் கல்லின் நடுவில் விட்டதும் மணிக்கட்டு தானாகச் சுழன்று தோசையாக இழுத்துவிடும். இங்கே கரண்டியை மேலே தூக்கிவிட வேண்டும். மாவு தன் பாட்டில் பரவி, நான்கு விரல் அகலத்தில், அரை விரல் கனத்தில் நிற்கும். அதற்குமேல் அகலமாக்கினால் திருப்பும்போது உடையும். தோசையின் இழுவை இதில் கிடையாது.

தீ தோசைக்கு வைப்பதைவிடக் குறைவு. தோசைக்கு, தெளித்த தண்ணீர் சுர்ரென்று துள்ளி மறையும் சூடு வேண்டும். இதற்குத் தண்ணீர் மெதுவாகப் பொரிந்து ஆவியானால் போதும். எண்ணெயை ஊற்றாமல், வெங்காயத் துண்டில் தொட்டுத் தேய்க்கிறோமே, அந்த அளவு. வெங்காய வாசனை வாழைப்பழத்தோடு சேராது என்பதால் துணித் துண்டை எடுத்துக்கொள்ளலாம். மாவை விட்டதும் ஒரு மூடி போட்டு இரண்டு நிமிடம். மைதா பேன்கேக்கில் மேலே குமிழி வெடித்துத் துளை துளையாக நின்றால் திருப்பலாம் என்று ஒரு அடையாளம் சொல்வார்கள். ஓட்ஸ் மாவில் குமிழி குறைவாகத்தான் வரும். அதற்குக் காத்திருந்தால் அடி கருகும். விளிம்பைப் பாருங்கள். ஈரப் பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கி உள்ளே வரும். பாதி தூரம் மங்கியதும் தோசைத் திருப்பியை ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். ஒட்டாமல் தானாக நழுவினால் திருப்பலாம், பிடித்தால் இன்னும் அரை நிமிடம் விடலாம். திருப்பியபின் அமுக்கவே கூடாது. அமுக்கினால் கஷ்டப்பட்டுப் பிடித்துவைத்த காற்று வெளியேறி அடையாகிவிடும். மறுபக்கம் ஒரு நிமிடம் போதும்.

முதல் பேன்கேக் கோணலாகத்தான் வரும். கல்லின் சூடு சமப்படுவதற்கு அது காணிக்கை. இரண்டாவதும் உள்ளே களியாக இருந்தால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: தீ அதிகம், கனம் அதிகம், அல்லது வாழைப்பழம் அதிகம். பழத்தைக் கூட்டினால் இனிப்புக் கூடும் என்று ஒன்றுக்கு இரண்டு போடுகிறவர்கள் அதிகம். ஈரமும் கூடிவிடுவதால் மாவு எவ்வளவு நேரம் கிடந்தாலும் வேகாது. களித்தன்மை எப்போதும் இருக்கிறது என்றால் 20 கிராம் ஓட்ஸைக் குறைத்து அந்த இடத்தில் அரிசி மாவு போட்டுப் பாருங்கள். ஓரம் லேசாக மொறுமொறுப்பாகும், உள்ளே இறுக்கம் தளரும். கல்லிலிருந்து எடுத்த உடனே பிட்டுப் பார்த்து வேகவில்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். இரண்டு நிமிடம் ஆறினால் ஸ்டார்ச் இறுகி, உள்ளே இருந்த ஈரப்பிசுக்கு போய்விடும்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு ஆளிவிதை உதவும். ஒன்றரை மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை ஐந்து மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் முட்டை வெள்ளைக்கருவைப் போலக் கொழகொழப்பாகும். இரண்டு முட்டைக்கு அதுவே போதும். பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன் கூடுதலாகவும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடை இசப்கோல் அரை டீஸ்பூன் தூவினால் திருப்பும்போது உடைவது இன்னும் குறையும். உண்மையைச் சொன்னால், முட்டையில்லாத இது முட்டை போட்டதைப் போல உப்பாது. உப்ப வைக்க முயன்று கனமாக ஊற்றினால்தான் களியாகிறது. அதைவிடச் சின்னதாக, ஊத்தப்பத்தைவிட மெல்லியதாக ஊற்றி, மூடி போட்டு, தீயை இன்னும் குறைத்து நான்கு நிமிடம் வைத்தால் ஓரம் சிவந்து நன்றாகவே இருக்கும்.

மேலே ஊற்ற மேப்பிள் சிரப் தேடி அலைய வேண்டாம். நாட்டுச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பிசுபிசுப்பு வரும் வரை கொதிக்கவிட்டால் தேங்காய்ப்பால் மணத்தோடு அதுதான் பொருந்துகிறது. பனைவெல்லப் பாகு இன்னும் ஒருபடி மேல். தேன் என்றால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடாது. பழம் எதையும் நறுக்கிப் போடலாம். கோதுமையும் பாலும் இல்லை என்பதால் இது பத்திய உணவு, எடை குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாகை ஊற்றி மூன்று சாப்பிட்டால் அது மூன்று பேன்கேக்தான். ஓட்ஸின் பீட்டா குளூக்கன் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் வேண்டும் என்பது அமெரிக்காவில் 1997-இல் அனுமதித்த விளம்பர வாசகத்தின் கணக்கு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேன்கேக் அந்தக் கணக்கில் வராது.

மிஞ்சிய மாவை மறுநாளைக்கு வைக்காதீர்கள். பேக்கிங் பவுடரின் வேலை அதற்குள் முடிந்துபோய், மாவு பசையாக இறுகியிருக்கும். எல்லாவற்றையும் சுட்டுவிடுவதுதான் வழி. சுட்டதைச் சூட்டோடு ஹாட்பாக்ஸில் அடுக்கினால் வியர்த்து அடியில் இருப்பது ஊறிப்போகும். கம்பித் தட்டில் தனித்தனியாக ஆறவிடுங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதம் வரை ருசி கெடாது. வெளியே எடுத்து, காய்ந்த கல்லில் சிறு தீயில் மூடிவைத்து, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் சூடாக்கினால் போதும். ஓட்ஸை மட்டும் மொத்தமாகப் பொடித்து மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். அரிசி, கோதுமையைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம், பொடித்தபின் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து, காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, மூடியின்மேல் பெயரெழுதி ஒட்டிவிடுங்கள். மைதா டப்பாவும் அதே உயரத்தில், அதே நிறத்தில், பக்கத்திலேயே இருக்கும்.